உடுக்கை கேட்ட பெயர்

அத்தை,

பக்கத்து அறைப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. கதவில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். அந்த வாசம் வந்துதான் என்னை எழுப்பியது. விடுதியில் எல்லோரும் உறங்குகிறார்கள். சிம்னி விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதம் வார்டனம்மா கையில் சிக்கினால், புத்தி கலங்கிவிட்டது என்று என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் உங்கள் பெயரை எழுதவில்லை.

வேப்பிலை வாசம் என்றால் எனக்கு நீங்கள்தான். எருமப்பட்டியில், நம் கிணற்று மேட்டு வேம்படியில், ஈரப் புடவையோடு உங்களை உட்கார வைத்த அந்த வெள்ளிக்கிழமைதான்.

உங்கள் பிள்ளை பிறந்து இறந்ததிலிருந்து நீங்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பீர்கள். உறங்காமல் சுவரையே பார்த்திருப்பீர்கள். மாமா அருகில் வந்தால் மட்டும் வலிக்கிறது என்று அலறுவீர்கள். அந்த அலறலையும் பைத்தியத்தோடு சேர்த்துவிட்டார்கள். "புத்தி கெட்டவளுக்கு ஏது வலி?" என்றார் உங்கள் மாமியார். பேய் பிடித்திருக்கிறது, அதை ஓட்டினால்தான் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பேயோட்டுவதில் ஒரு முறை உண்டு. பூசாரி உடுக்கை அடித்துக்கொண்டே நீ யார், எதற்கு வந்தாய், என்ன வேண்டும் என்று கேட்பார். பேய் சொல்கிற பதிலை ஊரே வாய் மூடிக் கேட்கும். கேட்டதைக் கொடுத்தே தீரவேண்டும். அப்பா கறுப்புக் கோழியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"ஆரு நீ? சொல்லு."

நீங்கள் உங்கள் பெயரையே சொன்னீர்கள்.

"கெட்டிக்காரப் பேயாட்ட இருக்குதுங்க," என்றார் பூசாரி. பெண்கள் சிரித்தார்கள். வேப்பங்குழையால் உங்கள் முதுகில் இரண்டு வீச்சு. "எதுக்கு வந்தே?"

"என்ற அண்ணன் ஊடு. வந்தேன்."

"என்ன வேணும்? கோழியா, வளையலா?"

"வலி நிக்கோணும்." நிதானமாகச் சொன்னீர்கள். "எனக்குப் புத்தி கலங்குதுங்க, அது நெசம். அதுக்காவ ஒடம்பு வலிக்காதுங்களா? அவரு கிட்ட வந்தா அடிவயிறு அறுக்குது. அதுவும் நெசம். கோழிய ஊட்டுக்குக் கொண்டு போங்கண்ணா."

எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. ஆனால் சிரித்த பெண்கள் தலை குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அப்பா கையிலிருந்த கோழியை விட்டார். அது ஓடிப்போனது, பிடிக்க யாரும் போகவில்லை.

"போதுங்க பூசாரி. கேட்டதக் குடுக்கோணுமில்ல," என்று உங்கள் கையைப் பிடித்து எழுப்பினார்.

மறுநாளே சேலத்தில் மிஷன் ஆஸ்பத்திரி; நானும் கூட வந்தேன். பிரசவத்தில் ஏற்பட்ட காயம் ஆறவே இல்லை என்றார் டாக்டரம்மா. இத்தனை நாள் ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டார். "அது சொல்லுச்சுங்க. நாங்கதான் கேக்கலீங்க," என்றார் அப்பா. அப்பா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

காயம் ஆறியதும் மாமா வண்டியோடு வந்தார். நீங்கள் அப்பா முன்னாலேயே சொன்னீர்கள்: "வலிக்குதுன்னா விட்டுப்போடோணும். சம்மதம்னா வாரேன்." மாமா துண்டை முறுக்கிக்கொண்டே சரி என்றார். அதன் பிறகுதான் வண்டியில் ஏறினீர்கள்.

கலக்கம் முழுதும் போகவில்லை. மழைக்காலம் வந்தால் மறுபடி பேச்சு நின்றுவிடும். ஆனால் போன ஆடியில் விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோகும் வரை, நீங்கள் வலி என்று சொன்னால் அது வலியாகவே இருந்தது.

கொஞ்ச நாளாக எனக்கும் உறக்கமில்லை, அத்தை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. லீவுக்குப் போனபோது, "அப்படியே அவங்க அத்தையாட்டவே இருக்குது," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பயத்தில் சொன்னாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்தது.

காலையில் அம்மை பார்க்க விடுதிக்கு ஒரு டாக்டரம்மா வருகிறார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிட மாட்டேன். உறக்கமில்லை, அழுகை வருகிறது என்று சொல்வேன். ஆனால் முதலில், உங்களைப் போல, என் பெயரைச் சொல்வேன்.