மலைச்சாமி அப்படிப் பேசுகிறவர் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன்னோடு தங்கி வேலை பார்க்கிறவர்களும் சுகமாக இருக்க நம் வீட்டு அலமாரியில் இருக்கிற அத்தனை சாமிகளையும் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். அக்கா கூட்டிச் சொல்கிறாள் என்று பிறகு நீ சொல்லக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாடி அறையில் தையல்காரி, மருந்துக்கடைக்காரர் மனைவி, அவளுடைய மாமியார், பள்ளிக்கூட ஆயா, உன் வீட்டுக்காரி, நான். ஆண்கள் யாரும் இல்லை. ஒரு பூனை இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தையல்காரி வாராவாரம் பட்டன் தைத்துக்கொண்டே சாமி கதை சொல்வாள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளை ரேடியோ என்பார்கள். காசு வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், எதற்குச் சொல்கிறாள் என்று புரிந்திருக்கும்.

அன்றைக்கு ஆற்றுத்தாய் கதை. அம்மா நமக்குச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஆற்றுத்தாய் நெஞ்சில் கல் வளர்கிறது. இரும்புச்சாமி வெட்டு என்கிறார், நெருப்புச்சாமி சுடு என்கிறார், காற்றுச்சாமி இரண்டு பேரையும் திட்டுகிறார். கடைசியில் இரும்புச்சாமி வெட்டி எடுக்கிறார். ஒரு பக்கக் கரை வறண்டு போகிறது, மறு பக்கம் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. தையல்காரி கதையில் எல்லாச் சாமியும் ஒரே குரலில் வெட்டாதே என்றார்கள். ஆற்றுத்தாயின் புருஷன் மலைச்சாமி எழுந்து, அறுத்து எடுத்துட்டா அது நீயே இல்லை என்றாராம். கூடவே தைத்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரி வந்து, அதே மலைச்சாமி என் கனவிலும் வந்து அதையே சொன்னார் அக்கா என்றாள். மத்தியானம் ஆயாவும் வந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்கள். இரண்டு பேர் கண்டால் பொய்யாகுமா என்று மாமியார்க்காரி என்னிடமே கேட்கிறாள். எனக்குக் கணக்கு ஒத்துப்போனால் நிம்மதி, கதை இப்படி ஒத்துப்போனால் சந்தேகம். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த இரண்டு பேர் சாப்பாட்டைப் பற்றி ஒரே மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

நான் படிக்காதவள், எழுத்துக் கூட்டி நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். ஆனாலும் சாமி கும்பிடுகிறவள். நம் சாமிகள் ஒன்றுகூடி ஒரே முடிவுக்கு வந்ததாக நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை. ஒருத்தர் வரம் கொடுத்தால் இன்னொருத்தர் குறுக்கே நிற்பார். அதனால்தானே நமக்கு இத்தனை பேர்? ஒருத்தர் கைவிட்டால் அடுத்த வாசலில் போய் நிற்கலாம். எல்லா வாசலையும் ஒரே நாளில் அடைக்கிற கதையைச் சாமி சொல்லாது, மனுஷர்தான் சொல்வார்கள்.

தையல்காரியைப் படிக்கட்டில் மடக்கி, கதையை ஏன் இப்படி மாற்றினாய் என்று கேட்டேன். நான் எங்கேம்மா சொல்றேன், அதுவா வாயில வருது என்றாள். வாயில் வருவதெல்லாம் அருள்வாக்கு என்றால் என் வீட்டுக்காரரும் பெரிய சாமிதான் என்றேன். சிரிக்காமல் பல்லால் நூலைக் கடித்தாள். உன் வீட்டுக்காரி ரவிக்கை அளவு கொடுக்க இரண்டு தரம் தனியாகப் போய் வந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அளவு கொடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

உன் வீட்டுக்காரியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மறுபடியும் சொன்னார். மார்பில் இருக்கிற கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, அந்தப் பக்கத்தை முழுக்க எடுத்தால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் பொறுப்பில்லை என்றார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை என்று தேதி கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பையெல்லாம் கட்டி வைத்திருந்த பெண், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்குகிறாள். நேற்று சோப்புப் பெட்டியும் வெளியே வந்துவிட்டது.

தம்பி போனில் ஏதாவது சொன்னானா என்று அவளைக் கேட்டேன். தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவருக்கு வேலை அதிகம் அண்ணி என்றாள்.

தம்பி, உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எடுத்துட்டா அது நீயே இல்லை என்ற அந்த வாக்கியத்தை நான் மாடி அறையில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. புண் முற்றிய அம்மாவின் கால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். எடுத்துட்டா அது அம்மாவே இல்லை, அம்மாவே இல்லை என்றாய். சின்னப் பிள்ளை, பயம். அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் போகட்டும் என்றாள். அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக உன்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

நீ அவளிடம் அப்படி ஏதும் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்று எழுது. நான் மாடிக்குப் போய், சந்தேகப்பட்டதற்குத் தையல்காரியின் காலில் விழுகிறேன். விழுந்து எழுந்து, அலமாரியில் இருக்கிற மற்றச் சாமிகளிடமும் ஒரு வார்த்தை கேட்பேன். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவளுக்கு மட்டும் நாலு வரி எழுது. போனில் சொன்னால், நான் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாய் என்பாள். உன் கையெழுத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. அம்மா சொன்ன கதையில் மலைச்சாமி வாயே திறக்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. இப்போது நான் கேட்கிறேன்.

கம்பெனி வண்டியில் உன் இடத்துக்கு வருகிற எலக்ட்ரீஷியன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பிரி. குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

நீங்கள் இருவரும் ஒன்றாக இருந்து வெகுகாலம் வாழ வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா