பெருக்காத கொல்லை

மந்தைவெளி,
ஐப்பசி 4

சிரஞ்சீவி மதுவந்திக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். என் முழங்கால் வலியைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, அந்த இமயமலைக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. உன் முகாமில் சிக்னல் கிடைக்காது என்பதால் பருப்புப்பொடியோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் காலை மழை விட்டதும் அப்பா துடைப்பத்தோடு கொல்லைக்குப் போனார், ஒரு மாவிலை கீழே கிடந்தாலும் அவருக்குக் காபி இறங்காதே, போனவர் அப்படியே நின்றுவிட்டார். மாமரத்தடிச் சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி. சிட்டுக்குருவி அளவுதான், முதுகு கருநீலம், வயிறு ஆரஞ்சு, கன்னம் கறுப்பு, கண்ணுக்கு மேல் விபூதி இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, வாலை ஓயாமல் ஆட்டுகிறது. மீன்கொத்திக் குஞ்சு, வழி தவறி வந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னார் உன் அப்பா. அதோடு விட்டாரா, ஜன்மத்தில் மீனைத் தொடாத மனுஷர் எதிர்வீட்டுப் புகழேந்தியிடம் போய், ஊரூர் குப்பத்திலிருந்து பொடிமீன் நாலு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தது. குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மாடி வீட்டுப் பூனைக்குத்தான் யோகம்.

எனக்கோ எங்கேயோ பார்த்த முகமாகப் பட்டது. போனை எடுத்துத் தேடினால், வைகாசியில் நீ கீழே டவுனுக்கு இறங்கியபோது அனுப்பிய படம், உன் கூடாரத்துக்குப் பக்கத்துப் புதரில் பாடுகிற அதே நீல ராபின். இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் போகும், போகிற வழியில் மெட்ராஸில் ஓரிரு நாள் இறங்கும் என்று நீ சொன்னதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். படியில் உட்கார்ந்து குருவியைப் பார்த்தபடி, "இத்தனூண்டு இருந்துண்டு, அங்கேர்ந்து தனியாவா வந்தது?" என்றார். உங்கள் பெண்ணும் தனியாகத்தான் அங்கே இருக்கிறாள் என்றேன். எழுந்தார். சருகில்தான் அதற்குப் பூச்சி கிடைக்கும் என்று துடைப்பத்தை ஆணியில் மாட்டிவிட்டார், இரண்டு நாளாகக் கொல்லை முழுக்க இலை.

மலையில் குருவி எண்ணவா எம்.எஸ்ஸி. படிக்க வைத்தேன் என்று கத்திவிட்டு ஒன்றரை வருஷமாக உன்னோடு பேசாத மனுஷர் இவர். தை பதினொன்றில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அப்பா கூப்பிட்டால்தான் வருவேன் என்று நீ, கூப்பிட மாட்டேன் என்று அவர், இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். கல்யாணப் பெண் நான், நீ இல்லாமல் மணையில் உட்கார எனக்கு மனசில்லை. அதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

எண்ணெய் தேய்த்துக் குளி. பொடியை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துகொள், நெய் அங்கே உறைந்துபோகும். தீர்க்காயுசாக இரு. அடியில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறார் அப்பா, குருவியைப் பற்றி ஏதோ சந்தேகமாம்.

உன் அம்மா,
காமாக்ஷி

மது, குருவி இன்று காலை கிளம்பிவிட்டது. நான் இன்னும் பெருக்கவில்லை. மலைக்குத் திரும்பும்போதும் அது இந்த வழியாக வருமா? பதில் எழுத வேண்டாம். தையில் நேரில் வந்து சொல்.
அப்பா