மறைத்து விற்காத கிராபிக்ஸ் கார்டு

யாரையும் லேசில் நம்பாத என் அப்பாவுக்கு,

உங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. முழுதாக இல்லை, உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டு மட்டும். திரையில் பச்சைக் கோடுகள் ஓடின, பிறகு ஒன்றுமே வரவில்லை. ஆரியசாலையில் ரிப்பேர் பார்க்கிறவர் கழற்றிப் பார்த்து, "அடிச்சு போயி சேச்சி" என்று கையை விரித்தார், எரிந்துபோய்விட்டதாம். நீங்கள் போன பிறகு அதை யார் தொடப்போகிறார்கள், கிடக்கட்டும் என்று இருந்தேன்.

அம்மா விடவில்லை. "புதுசா ஒண்ணு வாங்கிப் போடு. உங்கப்பா வச்சிருந்தது, சும்மா கெடக்கக் கூடாது" என்றாள். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. ரிட்டயர் ஆன மனிதர் மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பஸ் ஓட்டும் கேம் ஆடுகிறார் என்று நான் உங்களைக் கிண்டல் செய்தபோதெல்லாம், என்னைவிட அதிகமாகத் திட்டியவள் அம்மா. அவளுக்கு இப்போது கார்டு எதற்கு? யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தார்களா?

முதலில் கடைக்குப் போனோம். அங்கே இருந்தவர் கலர் விளக்கு எரியும் கார்டு ஒன்றை எடுத்து வைத்து, "இது மதி சேச்சி, எல்லா கேமும் ஓடும்" என்றார். இதுவே போதும், எல்லாம் ஓடும் என்கிறவரை எப்படி நம்புவது? பெட்டியைத் திருப்பிப் படித்தேன். பெயர் நான் தேடிய கார்டின் பெயர்தான், மெமரி மட்டும் பாதி. நம் பழைய பவர் சப்ளை தாங்குமா என்று கேட்டேன். நம்முடையது என்னவென்று கேட்காமலே "தாங்கும்" என்றார்.

அப்போது அம்மா மெதுவாக, "மழை பெய்யும்போது ரோடு திக்காம வருமா?" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். "உங்கப்பா சொல்லுவாவ" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

புதிதில் நல்லது நம் கைக்கு எட்டாது என்று ஆனபின் பழையது தேடினேன். அந்தச் சந்தையைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தூக்கமே போயிருக்கும். கிரிப்டோ காசு தோண்டுவதற்காக இரவும் பகலும் ஓட்டிக் களைத்த கார்டுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி, வீட்டில் வைத்திருந்தது என்று விற்கிறார்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று சொல்கிறது, உள்ளே சிப் வேறாக இருக்கிறது. விளம்பரத்தில் "அர்ஜென்ட்" என்று பார்த்தாலே தள்ளிவிட்டேன்.

கடைசியில் கரமனையில் ஒருவர் அகப்பட்டார். வெளிநாடு போகிறாராம், அதனால் விற்கிறாராம். அம்மாவும் வருவேன் என்று ஆட்டோவில் ஏறிவிட்டாள். கார்டைத் தன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்டினார். நான் குடைந்து குடைந்து கேட்டதில் சலித்துப்போய், "ஞான் மறிச்சு விற்கான் மேடிச்சதல்ல ஆன்ட்டி" என்று அம்மாவிடம் முறையிட்டார்.

அம்மா என் காதில், "மறைச்சு விக்கலேங்கானே. நாம கேக்கவே இல்ல, ஏன் சொல்லுதான்?" என்றாள்.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து இத்தனை காலமாகியும் அம்மாவின் மலையாளம் இப்படித்தான் இருக்கிறது. "மறைச்சு இல்லம்மா, மறிச்சு. வாங்கி, லாபத்துக்கு வேற ஆளுக்கு விக்கறது. அதுக்காக வாங்கலேங்கறார்" என்றேன். அவள் கேட்டால்தானே. நேராக அவரிடமே, "எதை மறைச்சே தம்பி? சொல்லிரு" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு ஃபேன் மாற்றியதாணு ஆன்ட்டி. சூடாயால் சப்தம் வரும். வேறொந்நும் இல்ல" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். ஒன்றை மறைத்தவர் இன்னும் எத்தனையை மறைத்திருப்பாரோ? நீங்களும் எழுந்திருப்பீர்கள். அம்மா அசையவில்லை. "கேட்டதும் சொல்லிட்டான்லா. இதையே எடு. சத்தம் வந்தா வந்துட்டுப் போவுது" என்றாள்.

வீட்டில் கொண்டுவந்து மாட்டினேன், படம் வந்தது. கேமைத் திறந்து கொடுத்தேன். சந்தேகம் மட்டும் தீரவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல அடுக்களைக்குள் போய், அங்கிருந்து பார்த்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கீபோர்டைக் குனிந்து பார்க்கவே இல்லை. கொட்டுகிற மழையில், மலைப்பாதையில், ஆள் நிறைந்த பஸ்ஸை வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்து, கியரைக் குறைத்துக் குறைத்து இறக்கினாள். ஒரு ஸ்டாப்பையும் விடவில்லை. எதிரே வந்த லாரியைப் பார்த்து "ஒதுங்குல" என்றாள்.

அப்பா, ஒரு நாளாவது நீங்கள் அந்த பஸ்ஸை ஓட்டியிருக்கிறீர்களா? கதவைச் சாத்தியது அவளுக்காகவா? இந்த வயதில் ஒரு பெண்பிள்ளை கேம் ஆடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்றா, என் கிண்டலையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டீர்கள்? ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் உங்கள் இருவரை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருக்கிறேன். அடுக்களையிலேயே நின்று அழுதேன். கோபமும் கொஞ்சம் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

நேற்று சித்தி வந்திருந்தாள். திரையில் பஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதை யாரு வெளையாடுதா?" என்று கேட்டாள். அம்மா காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான்தான் சித்தி. ஆபீஸ் விட்டு வந்தா இதுதான்" என்றேன்.

சித்தி என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் அவளோடு சேர்ந்துகொண்டாள், உங்களைத் திட்டுகிற அதே குரலில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்களும் இப்படித்தான் சிரிப்பை அடக்கினீர்களா?

இனி யார் கேட்டாலும் அந்த பஸ்ஸை ஓட்டுவது நான்தான். அம்மாவாகச் சொல்கிறவரை அவளிடமும் கேட்க மாட்டேன். இதில் மட்டும் என்னை நம்பலாம் அப்பா.

உங்கள் இடத்தில் திட்டு வாங்கும்
உங்கள் மகள்,
கோமதி