படித்துக் காட்டிய வரி

புதன்கிழமை.

பிளாஸ்டிக்கை உருக்கும்போது வெளிவரும் ரசாயனங்கள், செல்களைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டுகளைக் குறைப்பதாக என்னிடம் சொன்னவர் பேராசிரியர். இருபது வருட நண்பர். எழுதியதை வழக்கம்போல் படித்துக் காட்டினேன், சரி என்றார். நான் கையெழுத்து கேட்கவில்லை. இன்று எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாராம். பிளாஸ்டிக் உருக்கும் ஆலைக்காரர்கள் அவருடைய ஆய்வகத்துக்குக் கருவி வாங்கித் தருகிறார்கள். என் செய்தியை ஆசிரியர் நிறுத்திவிட்டார்.

மாலையில் கும்மிடிப்பூண்டியில் அந்த ஆலையில் வேலை செய்யும் செல்வி போன் செய்தாள். என்னை நம்பிப் பேராசிரியரின் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவள்.

"இன்னா சார், ஊசி குத்தசொல்ல நைனா மாதிரி பேசுனாரு, இப்போ போனே எடுக்கல. நான் வேலைக்குப் போலாமா, வேணாவா?"

"ரிசல்ட் இன்னும் வரலம்மா" என்றேன்.

அவளுடைய ரிசல்ட்டைப் போன வாரமே அவர் எனக்குக் காட்டியிருந்தார். நன்றாக இல்லை.