நின்றுபோன சிரிப்பு

அன்புள்ள மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. தண்ணீர் மேலே நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், தரையிலே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம் தூங்குகிறோம், அதற்கு மேல் சொல்லத் தெம்பு இல்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது இது உன் கைக்கு வரும் என்று கம்பெனி ஆள் சொன்னார். வேலை நடுவில் பிரித்திருந்தால் மடித்து வை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் பெண்டாட்டிதான். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

எத்தனை தடவை கூப்பிட்டும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறந்துபோகிற வசதி கிடையாது. பாப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல டாக்டரம்மா வீடியோவில் வருகிறார் என்று இவள் காலையிலேயே வீட்டைத் துடைத்து, பாப்பாவுக்குத் தலைவாரி, எனக்குக்கூடச் சலவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். என் சட்டைக்கா ரத்தம் எடுத்தாங்க என்று கேட்டேன், சும்மா இருங்க மாமா என்றாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். போன் திரையில் நாலு கட்டம், ஒன்றில் டாக்டரம்மா, ஒன்றில் அவர் பேசுவதை நம் பேச்சில் சொல்கிற பெண், ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் நீ, கப்பல் சாப்பாட்டு அறையில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு. உனக்குப் பின்னால் ஒருத்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாப்பா உன்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள், நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது.

டாக்டரம்மா நீளமாகப் பேசி நிறுத்துவார், அந்தப் பெண் வாயைத் திறக்கிற வரைக்கும் நாங்கள் டாக்டரம்மா முகத்திலேயே அர்த்தம் தேடிக்கொண்டிருப்போம். நல்ல சேதிக்கு அவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது. அவர் சொன்னது இதுதான், நிதானமாகப் படி. பாப்பா அடிக்கடி விழுவதும், முட்டியில் கையை ஊன்றி எழுந்திருப்பதும் சோம்பல் இல்லை. தசைக்கு வேண்டிய ஒன்று அவள் உடம்பில் சரியாக உண்டாகவில்லை, பிறவியிலேயே வந்தது. அப்பாவிடமிருந்து ஒரு பங்கு, அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒரு பங்கோடு இருக்கிறவருக்கு ஆயுசுக்கும் ஒன்றும் தெரியாது. யார் செய்த தப்பும் இல்லை. அடியோடு தீர்க்க இன்றைக்கு மருந்து இல்லை, நோய் மெல்ல மெல்லக் கூடும், எவ்வளவு வேகமாக என்று இப்போது சொல்ல முடியாது. பயிற்சி கொடுக்க ஆள் உண்டு, இதயத்தையும் மூச்சையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வார்கள். பின்னால் சக்கர நாற்காலி வேண்டியிருக்கலாம். இதைக் கேட்டு இவள் உன் கட்டத்தைப் பார்த்தாள். நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். சக்கர நாற்காலி என்ற வார்த்தைக்கும் அதே சிரிப்பு. நானே மனசுக்குள் உன்னை ஒரு வார்த்தை திட்டினேன், என்ன வார்த்தை மாமா, எழுதிடவா என்கிறாள் இப்போது. கொஞ்ச நேரத்தில் உன் கட்டமே காணாமல் போயிற்று. சாயங்காலம் உன்னிடமிருந்து சேதி, எல்லாம் நல்லா முடிஞ்சுதா, நாக்கு நீட்டின கழுதை என்ன பண்ணுது என்று. இவள் போனைத் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பேச்சு மாற்றுகிற பெண் கூப்பிட்டாள், ஆஸ்பத்திரி நம்பர் என்பதால் எடுத்தோம். பாப்பாவோட அப்பாவுக்கு லைன் ஆரம்பத்திலேயே போயிடுச்சு, படம் மட்டும்தான் நின்னுபோய் இருந்துச்சு, அவர் எதுவும் கேட்டிருக்க மாட்டார், நீங்க சொல்லிட்டீங்களா என்று விசாரித்தாள். அப்போதுதான் எனக்கு உன் பின்னால் இருந்தவன் ஞாபகம் வந்தான். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவன் திறந்த வாயோடு அப்படியே இருந்தான், டாக்டரம்மா அவ்வளவும் பேசி முடித்தும் அந்த ஒரு வாய் உள்ளே போகவில்லை. எந்த மனுஷன் அப்படிச் சாப்பிடுவான். இதைச் சொன்னதும் இவள் சிரித்தாள், சிரித்த வாக்கிலேயே அழுதாள். கோபம் அன்றைக்கே போய்விட்டது. ஆனால் போனை எடுத்தால் சொல்ல வேண்டுமே. அவருக்கு இன்னும் தெரியாது மாமா, அந்தச் சிரிச்ச முகத்தோடதான் அங்க இருக்காரு, அந்தச் சிரிப்பை எப்படி நான் அணைக்கிறது என்கிறாள். பாப்பா சுகம் என்று ஒற்றை வரி அனுப்புவதோடு சரி. அதனால்தான் நான் சொல்கிறேன். உன் முகம் இப்போது மாறியிருக்கும், மாறட்டும், இத்தனை நாளும் இவள் தனியாகச் சுமந்தாள்.

பாப்பா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, தாத்தா லிஃப்ட் வா என்று அதிகாரம் பண்ணுகிறாள். லிஃப்டுக்கும் முட்டி தேய்ந்துபோயிற்று என்று அவளுக்கு யார் சொல்வது. தூக்கிக்கொண்டு ஏறி, மேலே போய் இரண்டு பேருமாக மூச்சு வாங்குகிறோம். உன் ரத்தமும் வேண்டுமாம், கரையில் கொடுக்க அவர்களே ஏற்பாடு செய்வார்கள், கொடுத்துவிடு. நோய் வந்த வழி யாருடையது என்று நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தோண்ட வேண்டாம், உன் பங்கு என் வழியாகவும் வந்திருக்கலாம், நான் யாரிடம் போய்க் கேட்பது.

இவளுக்கு உன்மேல் கோபம் இல்லை என்று கடைசியில் இன்னொரு தடவை எழுது என்றேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதை நானே சொல்லிக்கிறேன் மாமா, உங்க வாயால வேண்டாம் என்கிறாள். சரி. நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடியாகக் கரை சேர வேண்டும், உங்கள் மூன்று பேர் தலைமேலும் என் கை எப்போதும் இருக்கும். இது கைக்கு வந்ததும், கிடைத்தது என்று ஒரு வரி அனுப்பு, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடு, மறந்துவிடாதே. உன் வரி வந்ததும் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்விடுவேன், வீட்டில் இவளும் போனும் மட்டும்தான் இருக்கும். இதைச் சொல்லும்போது வேண்டாம் என்பாள் என்று பார்த்தேன், எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)