எனக்குக் காய்ச்சல் இல்லை

பிப்ரவரி 9, இரவு

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன் விடுதி அறைத் தோழியிடம்கூட. நீ போனில் கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். மாடி வீட்டு அண்ணன் அனுப்பித் தருவார். நீயும் அவர் பெயருக்கே பதில் போடு.

ஒன்று கேட்க வேண்டும். இந்த வயதில் எங்களை விட்டுவிட்டுப் போய்ப் படிக்கிற அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"செடி கொடியைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா? மாடி வீட்டுப் பையன் ரெண்டு பட்டம் வாங்கிட்டுப் பார்சல் தூக்குறான்" என்கிறார் அப்பா. அந்த அண்ணனிடமே போய், "படிச்சது வேஸ்ட்டாண்ணா?" என்று கேட்டேன்.

"பார்சல் தூக்குனா தோள்தான் வலிக்குது வாலு. வண்டி ஓட்டும்போது யோசிக்க மண்டையில ஏதோ இருக்கு. இன்டர்வியூவுக்குப் போனாத்தான் அதுவும் மறந்துடுது" என்று சிரித்தார்.

இது ஆமாவா, இல்லையா?

அப்பா சமையல் பரவாயில்லை. உப்புதான் ஒருநாள் வருகிறது, ஒருநாள் லீவு.

உன் வாலு

பிப்ரவரி 17

என் வாலுக்கு,

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் என்னைப் பேராசிரியை என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரே சிரிப்பு. மற்றவர்கள் ஒரே மூச்சில் படித்து முடிப்பதை நான் ராத்திரி முழுக்கப் படிக்கிறேன். ஏன் வந்தோம் என்று அழுததும் உண்டு.

ஆனால் நேற்று ஒரு கேள்வி கேட்டார்கள். தொட்டாற்சிணுங்கி இரவில் இலையை மூடுகிறது, விடிந்ததும் விரிக்கிறது. அதை இருட்டிலேயே பூட்டி வைத்தால் காலையில் விரிக்குமா? பதிலை உனக்குச் சொல்ல மாட்டேன். நம் பால்கனியில் இருக்கும் அந்தச் செடித் தொட்டியை அலமாரிக்குள் வைத்துப் பார். இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, இதுதான் இருக்கிறது.

மார்ச் 10 அன்று தேர்வு. தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பாவைப் பார்த்துக்கொள்.

அம்மா

மார்ச் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு நான்கு நாட்களாகக் கடுமையான காய்ச்சல். கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும். தேர்வை அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். நீ இல்லாமல் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

இப்படிக்கு,
உன் மகள்

மார்ச் 5, இரவு

அம்மா,

எனக்குக் காய்ச்சல் இல்லை. இன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் ஒன்று வரும். நம்பாதே. "போன்ல பேசினா உன் குரலே காட்டிக் குடுத்துடும், எழுது" என்றார். நீ கூப்பிட்டால் நான் தூங்குவதாகச் சொல்வார். இதை அண்ணன் காலைப் பார்சலோடு அனுப்புவார், முந்தி வந்துவிடும்.

அப்பாமேல் கோபப்படாதே. "தேறிட்டா இன்னும் ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு அவ எதுக்குடி வரப்போறா?" என்றபோது என் முகத்தையே அவர் பார்க்கவில்லை.

அந்தக் கடிதத்தின் கடைசி வரி மட்டும் அப்பா சொன்னதில்லை. அது நானாக எழுதியது, அது உண்மை. ஆனாலும் வராதே. தேர்வை எழுது.

செடியை நேற்று ராத்திரி அப்பாவின் சட்டை அலமாரியில் வைத்தேன். காலையில் சட்டை எடுக்க அவர் கதவைத் திறந்தார். இலையெல்லாம் விரிந்திருந்தது! உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது.

"இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றேன். படாரென்று அலமாரியை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கும் தெரிய வேண்டும் அம்மா, எப்படி? உள்ளே ஏதாவது

கதவு தட்டுகிற சத்தம். அப்பாதான். பயமாக இருக்கிறது. "தூங்கிட்டியாடி? அலமாரிக்குள்ளயே இருந்த அந்தச் செடி இப்போ மூடிக்கிச்சு. ராத்திரி ஆயிடுச்சுன்னு அதுக்கு யாரு சொன்னா?" என்று கேட்கிறார். அம்மா, நான் கதவைத்