வெட்டியது போக மீதி

திருப்பூர்,
ஞாயிறு.

அன்புள்ள ராமுத்தாய் அம்மாவுக்கு,

உங்கள் மகள் நாகஜோதி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி, ரிட்டயர்டு டீச்சர் சாரதாமணி எழுதுவது. அவள் நலம். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டாள். போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு சினிமா விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் டி.வி.யில் ஒரு பழைய படம் போட்டார்கள். கல்யாணமான புதிதில் நான் தியேட்டரில் பார்த்தது. மில் முதலாளி கதாநாயகியின் கையைப் பிடித்து இழுக்கிறான். அதை முழுசாகக் காட்டினார்கள். உடனே சோப்பு விளம்பரம், எண்ணெய் விளம்பரம். முடிந்து பார்த்தால் அவன் கையில் கட்டோடு அவள் காலில் விழுகிறான்! அவனுடைய தடியையே பிடுங்கி அவள் விளாசுவாளே, அந்தக் காட்சியைக் காணோம். ஏன் டீச்சர், வழுக்கி விழுந்துட்டானா என்று நாகஜோதி கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சேனலுக்கு நாலு கடிதம் போட்டேன். குடும்பத்தோடு பார்க்கிற படம், அடிதடியைக் குறைத்தோம் என்று பதில் வந்தது. அவன் கையைப் பிடித்ததை மட்டும் குடும்பத்தோடு பார்க்கலாமாம்! விட்டுப்போன காட்சியை என் கைத்தடியை வைத்து நானே அவளுக்கு நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்காரர்கள் உங்கள் போனுக்கு அனுப்பிய பதினோரு விநாடி வீடியோவும் அப்படித்தான். நாகஜோதி, கட்டிங் மாஸ்டர் ராஜவேலை இரும்பு ஸ்கேலால் அடிப்பது மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த நாலு நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். துணிக் கட்டுகளுக்குப் பின்னால் அவளை மறித்து அவன் செய்ததை நான் எழுதமாட்டேன். அவளே சொல்லுவாள், திட்டாமல் கேளுங்கள். ஸ்டெப்பை அழித்துவிட்டு விடையை மட்டும் காட்டிய கணக்குக்கு முப்பத்து நாலு வருஷத்தில் நான் ஒரு மார்க் போட்டதில்லை.

மகளை ஊருக்குக் கூட்டிப் போனால் இதோடு விட்டுவிடுகிறோம் என்று உங்களிடம் சொன்னார்களாமே. விடுவதற்கு அவர்கள் யார்? நாங்கள் புகார் கொடுத்ததும் கம்பெனியின் கேமராப் பதிவு முழுவதையும் போலீசில் வாங்கி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் எல்லோரையும் வைத்துப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

நேற்று ராஜவேல் கையில் கட்டோடு என் வீட்டுக்கு வந்தான். பேசி முடிச்சுக்கலாமுங்க டீச்சர் என்றான். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை முழுப் படத்தையும் பார்த்துட்டுப் பேசிக்கலாமுங்க, நடுவுல விளம்பரம் இல்லீங்க என்றேன். மோரைக் குடிக்காமலே எழுந்து போனான். அந்த முகத்தை நினைத்து இன்றைக்கும் இரண்டு தரம் சிரித்துக்கொண்டேன். என் வயதுக்கு இது நல்லதா என்று தெரியவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது.

வியாழக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுங்கள். கூட்டிப் போகிற எண்ணத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்டேஷனில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த நாலு நிமிஷம் ஓடும்போது தலையைக் குனிந்துவிடாதீர்கள் அம்மா. உங்கள் மகள் திரையைப் பார்க்கமாட்டாள், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
சாரதாமணி